சுற்றிச் செத்த ஆட்டின் தலையை யார் தின்பது?

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ரசம் சாதத்தோடு கிடைத்தது.

என் வீட்டுக்காரர் ஓசூரில் மாட்டு டாக்டர். கணவன் பெயரைப் பெண்சாதி எழுதினால் அவன் ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு. எழுதுகிறேன்: தீர்த்தகிரி. எழுதிவிட்டுக் கூடத்தை எட்டிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம். குறட்டை நன்றாகவே வருகிறது. ஆகவே மேலே போகலாம்.

ஒரு நாள் அவர் உத்தனப்பள்ளிப் பக்கம் போய்விட்டு வந்து இலை முன்னால் உட்கார்ந்தார். ரசத்தைப் பிசைந்துகொண்டே, "இன்னைக்கு ஒரு ஆட்டுத் தலையைப் பொளந்து பாத்தேன் காவேரி. மூளைக்குள்ள கோழிமுட்டை கணக்கா ஒரு நீர்ப்பை" என்றார்.

"சாப்பிடும்போது வேண்டாமே" என்றேன்.

"சரி" என்று சொல்லி அப்பளத்தை ஒடித்தார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "அப்புறம்?" என்று கேட்டுவிட்டேன். அப்புறம் அவர் சொன்னதும், அதற்கப்புறம் நான் கண்ணால் பார்த்ததும், அதற்கும் அப்புறம் ஒரு தோல் வியாபாரி வந்து பாதி சொல்லிவிட்டுப் போனதும் சேர்ந்ததுதான் இது.

சென்னையில் என் கதைகளைப் போடுகிற ஒரு வாரப் பத்திரிகை ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். "நாடாப்புழுவா? அம்மா, எங்க பத்திரிகையை ஜனங்க டிபன் சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறாங்க. நல்லதா ஒரு காதல் கதை குடுங்களேன்" என்றார். காதலிக்கிறவர்களுக்கும் குடல் உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்ததால் விழுங்கிவிட்டேன். இங்கே எதையும் விழுங்குவதாக இல்லை. குடல் இல்லாத வாசகர் யாராவது இருந்தால் இப்போதே எழுந்து போகலாம். மற்றவர்கள் இருங்கள்.

2

முதல் தொடக்கம் இது:

"ராயக்கோட்டைச் சாலையில், உத்தனப்பள்ளிக்கு அப்பால், கருங்கல் குன்றுகளின் மடியில், மூடுபனி மெல்ல விலகும் இளங்காலைப் பொழுதிலே—"

போதும். குன்றுக்கு மடி கிடையாது. அந்தப் பக்கத்துப் பனியில் காலை ஏழு மணிக்கு ஆடு ஓட்டுகிறவளுக்குக் கால் விரல் மரத்துப் போகும். அவளைக் கேட்டால் 'மெல்ல விலகும்' என்று சொல்லமாட்டாள். பனிக்கு ஒரு கெட்ட வார்த்தை வைத்திருக்கிறாள். அதைப் பத்திரிகையில் போடமாட்டார்கள்.

இரண்டாவது தொடக்கத்தில் பட்டணத்து வாசகரை மனதில் வைத்துக்கொண்டேன். நிஜத்தில் வருகிற பட்டி நாய் வேண்டாம், அழகாக ஒரு பூனை இருக்கட்டும்:

"மயிலாப்பூரில் ஒரு வீட்டில் லில்லி என்ற வெள்ளைப் பூனை இருந்தது. இரண்டு நாளாக அது பால் குடிக்கவில்லை—"

இரண்டு பக்கம் எழுதினேன். லில்லிக்கு நாடாப்புழு வந்தது, டாக்டர் மருந்து கொடுத்தார், லில்லி துள்ளிக் குதித்தது. எழுதியதை வீட்டுக்காரரிடம் நீட்டினேன். படித்தவர் முகம் மாறிவிட்டது.

"நாய் மருந்தைப் பூனைக்குக் குடுத்துட்டியே. மூச்சு முட்டிச் செத்துப்போகும் காவேரி. பூனைக்கு வேற மருந்து."

"சரி, வேற மருந்து எழுதிடறேன்."

"எழுது. ஆனா அதோட தீராது. பூனைக்கு எலியைத் தின்னா ஒரு புழு வரும், தெள்ளுப்பூச்சியால இன்னொண்ணு வரும். வர்ற வழியை அடைக்காம மருந்து மட்டும் குடுத்தா மறுபடியும் வரும். உன் லில்லி எலி பிடிக்குமா?"

"மயிலாப்பூர்ப் பூனைங்க அது."

"எலியும் மயிலாப்பூர் எலிதானே" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

[அடிக்குறிப்பு: லில்லியின் இரண்டு பக்கங்களும் மறுநாள் வெந்நீர் அடுப்புக்குப் போயின. பூனைப் பிரியர்கள் என்னை மன்னிக்க வேண்டாம். அவர் சொன்னதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பூனையோ நாயோ, வருகிற வழியை அடைக்கவேண்டும்.]

மூன்றாவது தொடக்கம்: "செம்பியின் வாலடியில் ஊறின அவல் போல ஏதோ ஒட்டிக்கொண்டு நெளிந்தது."

இதுதான். இதை மாற்றமாட்டேன். டிபன் சாப்பிடுகிறவர்கள் தட்டைச் சற்று தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

3

செம்பி ஒரு பெண் நாய். செம்மண் நிறம். இடது காதில் கால்வாசி இல்லை, நரியோடு சண்டை போட்டதில் போனது. அதை வளர்த்தவள் முனிலட்சுமி. சென்னகிருஷ்ண கவுடரின் செம்மறி ஆடுகளை அவள்தான் மேய்க்கிறாள். அவளுடைய மாமியாரும் மாமனாரும் மேய்த்த பட்டி அது. புருஷன் ஆஞ்சப்பன் கோலாருக்குத் தங்கச் சுரங்க வேலைக்குப் போயிருக்கிறான். பொங்கலுக்கு வருவான், இருமிக்கொண்டே வருவான், மறுபடி போவான். பட்டியில் அவளுக்குத் துணை செம்பிதான்.

முதலில் நான் இவளைப் பார்க்காமலே எழுதினேன். என் முதல் பிரதியில் முனிலட்சுமி, 'குழிந்த கண்களில் நீர் ததும்ப, கவுடரின் காலடியில் விழுந்து—'

அடித்துவிட்டேன். அவள் யார் காலிலும் விழுகிற ஆள் இல்லை. என் வீட்டுப் புழக்கடைக்கு அவள் வந்து நின்றபோது, முதல் வார்த்தையாக, "இங்க தானே நாய் டாக்டரு? மாட்டு டாக்டருன்னு போட்டுக்குறாங்க, நாயிக்குப் பாக்கமாட்டீங்களா?" என்று அதட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

ஆனால் அது பிறகு. அவள் ஏன் வந்தாள் என்பதை முதலில் சொல்லவேண்டும்.

4

கவுடரின் பட்டியில் குட்டிகள் சுற்ற ஆரம்பித்திருந்தன. நன்றாக மேய்ந்துகொண்டிருக்கிற குட்டி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே வட்டம் போடும். தண்ணீர் காட்டினாலும் வட்டம், இழுத்துக் கட்டினாலும் முளையைச் சுற்றி வட்டம். சில நாளில் கால் ஓய்ந்து விழும்.

ஊரில் இதற்கு 'முனி அடிச்சிருச்சு' என்று பெயர். முனி ஏறுவது தலையில் என்று நம்பிக்கை. அதனால் சுற்றுகிற குட்டியை, சாகுமுன் அறுத்து, உடம்புக் கறியைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். தலையை மட்டும் ஒருவரும் தொடமாட்டார்கள். மனுஷன் தின்றால் மனுஷனும் சுற்றுவான். மண்ணில் புதைத்தால் முனி அந்த மண்ணிலேயே தங்கிவிடும். எரித்தால் மழை நின்றுபோகும். ஆகவே தலையை நாய்க்குப் போடுவார்கள். நாய்க்கு முனியைப் பார்த்தால் பயமில்லை, முனிக்கும் நாயைப் பிடிக்காது, தின்று தீர்த்துவிடும் என்று கணக்கு. பட்டி நாய் செம்பி. ஆகவே தலை செம்பிக்கு.

இப்போது என் வீட்டுக்காரர் பிளந்த தலைக்கு வாருங்கள். அந்த நீர்ப்பைக்குள் இருப்பது நாடாப்புழுவின் குஞ்சுகள். நாய் அந்த மூளையைத் தின்றால், குஞ்சு நாயின் குடலில் ஒட்டிக்கொண்டு முழ நீளத்துக்கு வளரும். அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு புல்லில் விழும். அந்தப் புல்லைக் குட்டி மேயும். முட்டை குட்டியின் மூளைக்கு ஏறி நீர்ப்பை ஆகும். குட்டி சுற்றும். தலையை அறுத்து நாய்க்குப் போடுவார்கள்.

பார்த்தீர்களா? அந்த ஊரில் ஒருவரும் கவனக்குறைவாக இல்லை. எல்லாரும் பயந்து, யோசித்து, ஜாக்கிரதையாக நடந்துகொண்டார்கள். நோய் அந்த ஜாக்கிரதையின் வழியாகவே பட்டிக்குத் திரும்பி வந்தது. இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்ததே தவிர, யார் மேல் என்று தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை. அதனால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

5

கவுடருக்கு முதலில் முறுக்கு மீசை வைத்தேன். கையில் ஒரு சாட்டையும் கொடுத்தேன். 'அவர் இடிபோலச் சிரித்தார்' என்று ஒரு வரி. மூன்றையும் எடுத்துவிட்டேன். சென்னகிருஷ்ண கவுடர் ஒல்லியான மனிதர், வயிற்றுப் புண்காரர். வீட்டில் கன்னடம், வயலில் தமிழ், சந்தையில் தெலுங்கு. பட்டியில் குட்டி சாகச் சாக அவருக்குத் தூக்கம் போனது நிஜம். முனிக்குப் பூசை போட்டுப் பார்த்தார். கேட்கவில்லை என்றதும் டாக்டரைக் கூட்டி வந்ததும் அவர்தான். ஊரில் வேறு யாரும் அதைச் செய்யவில்லை. அவரை வில்லனாக எழுதினால் எனக்கு வேலை சுலபம். அதனாலேயே செய்யமாட்டேன்.

என் வீட்டுக்காரர் பிளந்த தலையைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினார். கவுடர் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப எல்லாம் இந்த நாயால தான்" என்றார்.

"நாயால மட்டும் இல்லீங்க. நீங்க தலையைப் போடறதால—"

"நாயி வயித்துல புழு இருக்குதா, இல்லையா?"

"இருக்குது."

"அந்தப் புழு தான் என் குட்டி மண்டைக்குள்ள போவுதா?"

"ஆமா, ஆனா—"

"இன்னா ஆனா? டேய், நாளைக்கு ரெண்டு பேரு கம்பு எடுத்துகினு வாங்கடா."

வீட்டுக்காரர் இதைச் சொல்லும்போது அப்பளத்தைக் கீழே வைத்துவிட்டார். "முனியை நம்பின வரைக்கும் நாயும் உசிரோட இருந்துச்சு. நான் போய் விஞ்ஞானம் சொன்னேன், அதை அடிக்கக் கம்பு எடுக்குறாங்க" என்றார். தலை போடுவதை நிறுத்தாமல் நாயைக் கொன்றால் அடுத்த நாய்க்கு அதே புழு வரும் என்று அவர் நாலு தடவை சொன்னாராம். பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டவரிடம் மீதியைக் கொடுக்க முடியவில்லை.

அப்போது ஆட்டுக் கூட்டத்துக்குள்ளிருந்து முனிலட்சுமி கேட்டாளாம்: "சாமி, மருந்து இருக்குதுன்னு டாக்டரு சொன்னாரே. அது இன்னாத்துக்கு?"

"மருந்து குடுத்தா பொழைக்குமான்னே சொல்ல முடியாது, நோஞ்சான் நாயி" என்றார் கவுடர். அதுவும் என் வீட்டுக்காரரே அவரிடம் சொல்லியிருந்ததுதான்.

"செத்தா மருந்துல சாவட்டும். கம்புல சாவக் கூடாது."

[அடிக்குறிப்பு: இந்த வரியை நான் புனையவில்லை. புனைந்திருந்தால் இன்னும் கொஞ்சம் அலங்காரம் பண்ணியிருப்பேன்.]

6

விடியுமுன் அவள் செம்பிக்குக் கயிறு கட்டிக் கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள். உத்தனப்பள்ளியைத் தாண்டின அவள் ஊரிலிருந்து ஓசூருக்கு நடந்தே வந்தாள். ஆட்டை அன்றைக்கு நாத்தனாரிடம் விட்டுவிட்டாள்.

வெயில் தாழும் நேரத்தில் என் புழக்கடையில் வந்து நின்று அதட்டினதை முன்பே சொன்னேன். என் வீட்டுக்காரர் நாயின் கண்ணை இழுத்துப் பார்த்து, "கடைசியா எப்போ சாப்புட்டது?" என்று கேட்டார்.

"நேத்து பொழுது சாஞ்சப்ப. வழியில ஒண்ணும் குடுக்கல. மருந்து குடுக்கறதுன்னா வெறும் வயித்துல தானே குடுக்கணும், பேதி மருந்து மாதிரி?"

"ரொம்ப சரி. நீ ஏதாச்சும் சாப்புட்டியா?"

"இது பட்டினியா வர்றப்ப நான் பாத்துகினு தின்னுவனா?"

களி இல்லை, சோறுதான் இருக்கிறது என்று நான் தட்டில் போட்டுக் கொடுத்தேன். நாய்க்கு வைத்தியம் முடிந்த பிறகு என்று தள்ளி வைத்துவிட்டாள்.

மருந்து ஒன்றும் பெரிய அதிசயமில்லை. நாம் வெற்றிலையோடு மெல்லுகிற பாக்கிலிருந்து எடுத்த சத்து. ஒரு சிட்டிகைத் தூளைத் தண்ணீரில் கரைத்து, கடைவாயில் விட்டு, வாயைப் பிடித்துக்கொள்ளவேண்டும். அவள்தான் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் செம்பிக்கு எச்சில் ஒழுக ஆரம்பித்தது. அது புழக்கடையைச் சுற்றிச் சுற்றி வந்தது. வயிற்றை எக்கி முக்கியது. பிறகு பின்னங்கால் மடங்கிச் சரிந்தது.

மருந்து மிஞ்சிப்போனால் போடுகிற மாற்று ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு இவர் நாயின் நெஞ்சில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். முனிலட்சுமி அதன் வாலருகே உட்கார்ந்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதை மறைக்கவில்லை.

பிறகு புழு வந்தது. வெள்ளையாக, தட்டையாக, ஜடைக்குக் கட்டுகிற ரிப்பன் போல. ஒன்றல்ல, பல. சுருண்டும் பின்னியும் கிடந்தன. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. 'அருவருப்பான காட்சி' என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். அவ்வளவையும் வயிற்றில் வைத்துக்கொண்டு அந்த நாய் நரியை விரட்டியிருக்கிறது. அருவருப்பாம்!

எல்லாவற்றையும் மண்வெட்டியால் வழித்துக் குழியில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தோம். செம்பி தலையைத் தூக்கிப் பார்த்தது. இவர் ஊசியைத் திரும்பப் பெட்டியில் வைத்தார். அப்போதுதான் முனிலட்சுமி மூச்சு விட்டாள்.

"இன்னிமே வராதா?"

"தலையைத் தின்னா மறுபடியும் வரும்" என்றார் இவர். "இன்னொண்ணு சொல்றேன், கேட்டுக்க. ஏற்கெனவே மண்டையில பை வெச்சிருக்கிற குட்டிங்க இன்னும் சுத்தும். அது செம்பி புதுசா செஞ்சதுன்னு யாராவது சொன்னா ஒத்துக்காத. அந்தத் தலையை நல்லா வேக வெச்சாலே போதும், உள்ள இருக்கிறது செத்துப்போகும். யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "போடச் சொன்னவங்க அவங்க. போட்டவ நானு. தின்னது இது. அடி மட்டும் இதுக்கா டாக்டரே?" என்று கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார், நான் கதை எழுதுகிறவள் என்பதால் பதில் வைத்திருப்பேன் என்று. நான் ரசத்தை எடுத்து வந்தேன். அவள் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். இரண்டு தடவை ரசம் கேட்டு வாங்கினாள்.

7

இந்த இடத்தில் கதையை முடித்துவிடலாம். நாய் பிழைத்தது, சுபம். ஆசிரியரும் புழுவைக் கொஞ்சம் வெட்டிவிட்டுப் போட்டுக்கொள்வார். ஆனால் அவள் ஊருக்குத் திரும்பிப் போகவேண்டும் அல்லவா?

போனாள். கம்போடு வந்தவர்களிடம், "மருந்து குடுத்தாச்சு, வயித்துல ஒண்ணும் இல்ல, டாக்டரு சொல்லிட்டாரு" என்றாள். கவுடரும், "சரி, பாக்கலாம்" என்று கம்பை இறக்கச் சொன்னார். கொஞ்ச காலம் ஒன்றுமில்லை. அப்புறம் இன்னொரு குட்டி தலையைச் சாய்த்துச் சுற்ற ஆரம்பித்தது.

இனி வருவது நாராயணப்பன் சொன்னது. நாராயணப்பன் கெலமங்கலத்துத் தோல் வியாபாரி. ஆடு அறுக்கிற இடங்களுக்குப் போய்ப் பச்சைத் தோல் வாங்குகிறவர். அன்று என் வீட்டுக்காரர் தேன்கனிக்கோட்டைப் பக்கம் மாடுகளுக்கு வெக்கை நோய் ஊசி போடப் போயிருந்தார். நாராயணப்பன் நடந்ததை நேரில் பார்த்துவிட்டு, மறுநாள் எங்கள் வாசலுக்கு வந்து என்னிடம் சொன்னார்.

குட்டியை முனிக்கல்லுக்கு முன்னால் அறுத்தார்கள். கவுடர் வந்து நின்றார். "மருந்து குடுத்தாச்சுன்னு சொன்ன. மறுபடியும் சுத்துது, பாத்தியா?" என்றார்.

"இது பழசு சாமி. முன்னயே மண்டையில ஏறுனது. டாக்டரு சொல்லியிருக்காரு."

"டாக்டரு எல்லாத்துக்கும் ஒண்ணு சொல்லுவாரு. தலையை எடுத்து வழக்கப்படி நாயிக்குப் போடு. அது தின்னுட்டு முனி எறங்கட்டும். அப்பறம் நாயை இவனுங்க பாத்துக்குவானுங்க."

இரண்டு பேர் கம்போடு நின்றார்கள். செம்பியைப் பட்டி முளையில் கட்டியிருந்தது. ரத்த வாசனைக்கு அது வாலை ஆட்டியது.

முனிலட்சுமி தலையைக் கையில் எடுத்தாள். "இதை இந்த நாயிக்கும் போடமாட்டன், எந்த நாயிக்கும் போட உடமாட்டன்" என்றாள்.

"இன்னா பண்ணுவ? பொதைப்பியா? என் மண்ணுலயா?"

"பொதைக்கல."

"எரிச்சு மழையை நிறுத்துவியா?"

"எரிக்கல. திங்கறன்."

நாராயணப்பன் இதைச் சொல்லும்போது, கையில் இருந்த வெற்றிலையை மடிக்க மறந்து உட்கார்ந்திருந்தார். "கேளுங்கம்மா. அவ பாட்டுக்குக் கல்லைக் கூட்டினா, சட்டியை வெச்சா, தலையை வாட்டிப் பொளந்தா. அந்தப் பை உள்ளாற இருந்துச்சு, எல்லாத்துக்கும் காட்டினா. மொளகு அரைச்சுப் போட்டு வேக வெச்சா பாருங்க, கொதிச்சது கொதிச்சதுதான். எவனும் நகரல."

வெந்ததும் தையல் இலை ஒன்று போட்டு, ஊர் பார்க்க உட்கார்ந்து தின்றாள். எலும்பை உறிஞ்சினாள். எழுந்து நேராக நடந்து காட்டினாள், போய்விட்டுத் திரும்பி வந்தாள். "சுத்தறனா? பாருங்க சாமி, சுத்தறனா?"

கவுடர் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "உனக்கு அந்த நாயின்னா உசிரு. அதுக்கோசரம் வெஷம் குடுத்தாலும் தின்னுவ. உன்னுது சாட்சியில்ல. வேற யாராச்சும் ஒருத்தர் தின்னட்டும். தின்னா நாயை உட்டுர்றன். இன்னிமே என் பட்டியில தலையை எந்த நாயிக்கும் போடல. இது என் வாக்கு."

முனிலட்சுமி இன்னொரு தையல் இலையை எடுத்தாள். தண்ணீர் தெளித்து எதிரே போட்டாள். சட்டியில் இருந்த மீதிப் பாதியை அதில் வைத்தாள்.

"யாரு குந்தறீங்க?" என்று கேட்டாள்.

8

"அப்புறம்?" என்றேன் நாராயணப்பனிடம்.

"அப்பறம் பஸ்ஸு வந்துருச்சுங்கம்மா."

"என்னது!"

"ராயக்கோட்டை பஸ்ஸு. அதுதாங்க கடைசி பஸ்ஸு. பச்சைத் தோலு, உப்புப் போடாம வெச்சா நாறிப்பூடும்."

"ஏங்க, ஒரு உசிரு தொங்கிட்டிருக்கு, உங்களுக்குத் தோலா முக்கியம்?" என்று கத்திவிட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். பிறகு மெதுவாக, "அவ என்னையும் பாத்தாங்கம்மா. அதான் பஸ்ஸுல ஏறிட்டேன்" என்றார். அந்த மனிதர் மேல் வந்த கோபம் அத்தோடு பாதி இறங்கிவிட்டது.

ஆக முடிவு இல்லாமல் ஒரு கதை. ஆளாளுக்கு ஒரு முடிவு தந்தார்கள்.

ஆசிரியர் முடிவு: செம்பி ஓநாயிடமிருந்து கவுடரின் குழந்தையைக் காப்பாற்றிவிட்டு உயிர் விடுகிறது. கவுடர் கண்ணீர் வடிக்கிறார். (வேண்டாம். நாய் செத்தால்தான் மனுஷனுக்குப் புத்தி வரும் என்றால் அந்தப் புத்தி எனக்குத் தேவையில்லை.)

என் வீட்டுக்காரர் முடிவு: சரியான நேரத்தில் ஜீப்பில் டாக்டர் வந்து இறங்குகிறார், சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்து தின்கிறார். (அவர் தின்பவர்தான், சந்தேகமில்லை. ஆனால் அன்று அவர் தேன்கனிக்கோட்டையில் இருந்தார். ஜீப்பும் எங்களுக்குக் கிடையாது.)

பக்கத்து வீட்டம்மாள் முடிவு: முனிலட்சுமிக்கு மறுநாள் தலை சுற்றுகிறது. (சுற்றாது. நன்றாக வெந்த கறி. அந்தம்மாள் வேறு காரியத்தைப் பார்க்கட்டும்.)

நான் ஒன்று எழுதிப் பார்த்தேன்: 'கூட்டத்தை விலக்கிக்கொண்டு கவுடரே முன்னால் வந்து, மேல்துண்டை இடுப்பில்—' கையை நிறுத்திவிட்டேன். அவருக்குத் தடையாக இருந்தது முனி மட்டும் என்று நினைக்கிறீர்களா? அது முனிலட்சுமியின் சட்டி. அவள் அடுப்பு, அவள் கை. தலைமுறை தலைமுறையாக அவள் குடும்பம் மேய்த்த ஆட்டை அவர் தின்பார், அவள் வேகவைத்ததைத் தின்னமாட்டார். அந்தக் கூட்டத்தில் அவருடைய ஆட்கள் எல்லாரும் அப்படித்தான். அவளுடைய ஆட்களோ, கவுடர் முகத்தையும் முனிக்கல்லையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாளைக்கு அவர்களுக்கு வேலை வேண்டும். இவ்வளவையும் ஒரு வரியில் தாண்ட என் பேனாவால் முடியும். பேனாவுக்கு என்ன, எதையும் தாண்டும்.

9

இப்போது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முடிவு எனக்குத் தெரியும். போன வியாழக்கிழமை என் வீட்டுக்காரர் அந்த ஊருக்குப் போய்விட்டு வந்து, இலையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னார்.

சொல்லமாட்டேன்.

ஒருவர் உட்கார்ந்து தின்றார், செம்பி பிழைத்தது என்று நான் எழுதினால், 'நல்ல மனுஷன்' என்று மெச்சிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவீர்கள். யாரும் உட்காரவில்லை, கம்பு இறங்கியது என்று எழுதினால், 'சே, என்ன ஜனங்கள்' என்று அந்த ஊரைத் திட்டிவிட்டுப் புரட்டுவீர்கள். இரண்டிலும் நீங்கள் நின்றுகொண்டுதான் இருப்பீர்கள். ஆசிரியர் இதைத் திருப்பி அனுப்பட்டும். முடிவு வேண்டும் என்று கேட்கட்டும். பத்துத் தடவை கேட்டாலும் இதே பதில்தான்.

நீங்கள் படித்தவர். நாடாப்புழு எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று இப்போது கவுடரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். வெந்ததில் ஒன்றும் இல்லை என்று தெரியும். மாமிசம் தொடுவதில்லை என்று சிலர் சொல்வீர்கள். சரி. சட்டி யாருடையது என்று தெரிவதற்கு முன்பே சொல்லியிருந்தால் நானும் நம்பியிருப்பேன்.

இலையில் ஆவி பறக்கிறது. மிளகு வாசனை வருகிறது. கம்போடு இரண்டு பேர் பட்டி முளைக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். கவுடர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார். முனிலட்சுமி கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து, உங்களிடம் நிறுத்துகிறாள்.

"இன்னா யோசிக்கிறீங்க? குந்துங்க, ஆறிப்பூடும்."